ஒரே சீதம், இரண்டு காரணம்: பெருங்குடல் அழற்சியோடு வாழும் ஒரு பீடித் தொழிலாளியின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 36. திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கொலோனோஸ்கோபியில் தெரிந்திருந்தது. அப்போது மலக்குடலில் தொடங்கி இடப்பக்கப் பெருங்குடலின் கீழ்ப்பகுதி வரை புண் இருந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதி சுத்தமாக இருந்தது. என்னிடம் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை ஒரே குறையோடு வந்தார்: மலத்தோடு சளி போகிறது. முதல் முறை நோய் திரும்பியிருந்தது. இரண்டாம் முறை நோய் அடங்கித்தான் இருந்தது, ஆனாலும் சளி வந்தது. அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதல் வருகை

"ரெண்டு மாசமா சீதமாத்தான் போகுது டாக்டர். வெளிக்கி ஒழுங்கா போவ மாட்டேங்கு. முக்குனா சளிதான் வருது. மூலமா இருக்கும்னு சொல்லுதாவ."

கூட வந்தவர் அவருடைய மைனி. பாதிக் கதையை அவர்தான் சொன்னார். மெடிக்கல் கடையில் கேட்டு இரண்டு முறை சீதபேதி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார்கள், கேட்கவில்லை. அப்புறம் மலச்சிக்கல் என்று நினைத்து இசப்கோல். அப்புறம் எண்ணெய் பதார்த்தம், காரம், புளி, பருப்பு என்று ஒவ்வொன்றாக விட்டு, இட்லியும் மோரும் மட்டும் என்றாகிவிட்டது. டவுனுக்கு பஸ் ஏற வேண்டிய நாளில் அதுவும் கிடையாது. வழியில் அவசரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார்.

சளி என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. மலத்தின் மேல் பூசினாற்போல் வருகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா, மலமே இல்லாமல் தனியாக வருகிறதா? நிறம் என்ன? ரத்தம் சளிக்குள்ளேயே கலந்திருக்கிறதா, கடைசியில் சொட்டாக விழுகிறதா? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? காற்று பிரிகிறது என்று நினைத்தால் சளி வந்துவிடுகிறதா? கடைசிக் கேள்விக்குத்தான் அவர் தலையைக் குனிந்துகொண்டார். மைனிக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்களிடம் போனில் ஒரு படம் எடுத்து வரச் சொல்வதுண்டு. இவர் சொல்லாமலேயே எடுத்து வைத்திருந்தார். போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் எடுத்துப் பார்க்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படத்தில் இரண்டு மூன்று கெட்டியான உருண்டை மலம், ஆட்டுப் புழுக்கை அளவில். அதைச் சுற்றிலும் ஒரு கையளவு வழவழப்பான சளி, மஞ்சள் கலந்த வெள்ளை, ஊடே இளஞ்சிவப்புக் கோடுகள். முக்கால்வாசி விடை அந்தப் படத்திலேயே இருந்தது.

ஒரு நாளைக்கு ஆறேழு முறை கழிவறைக்குப் போகிறார், மலம் வருவது ஒரே ஒரு முறை. மற்ற முறையெல்லாம் சளிதான். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருக்கிறது என்ற உணர்வு போகவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு 82. இடப்பக்க அடிவயிற்றில் கெட்டிப்பட்ட மலம் கைக்குத் தட்டுப்பட்டது. செவிலியர் உடனிருக்க விரல் விட்டுச் சோதித்தபோது மூலம் இல்லை, கட்டி இல்லை, கையுறையில் ரத்தச் சாயலோடு சளி.

மாத்திரைகளைப் பற்றிக் கேட்டபோது இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை ஒரு நாளைக்கு 2.4 கிராம் எழுதப்பட்டிருந்தது. நன்றாக இருக்கிறதே என்று அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார், காசும் மிச்சம். ஆசனவாய் வழியாக வைக்கும் மெசலமைன் சப்போசிட்டரியும் முன்பே எழுதப்பட்டிருந்தது. ஒரு வாரம் வைத்தார். ஊரில் கோயில் கொடை வந்தது. விரத நாட்களில் இதை வைப்பது சுத்தமில்லை என்று நிறுத்தியவர் பிறகு எடுக்கவே இல்லை. மீதி இருந்தவை தகர வீட்டின் சித்திரை வெயிலில் பெட்டிக்குள்ளேயே இளகிப் போயின.

இன்னொன்றை நான் துருவிக் கேட்க வேண்டியிருந்தது. மடியில் சொளவை வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்து இலை மடிப்பவருக்கு முதுகுவலி இல்லாமல் இருக்காது. இல்லை இல்லை என்றவர், கடைசியில் வாரத்தில் மூன்று நான்கு நாள் டைக்ளோபினாக் போடுவதாகச் சொன்னார். அது மருந்து என்றே அவர் கணக்கில் இல்லை. இவ்வகை வலி மாத்திரைகள் அடங்கியிருக்கும் குடல் அழற்சியைச் சிலருக்குக் கிளப்பிவிடும்.

சோதனைகளும் முடிவும்

ஹீமோகுளோபின் 10.8, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளில் ஈஎஸ்ஆர் 26, சிஆர்பி ஏறக்குறைய இயல்பு. மல நுண்ணோக்கிச் சோதனையில் சீழணுக்கள் நிறைய, சீதபேதி உண்டாக்கும் அமீபா இல்லை. ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்ததால் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் குடல் கிருமியின் நச்சுக்கும் பார்த்தோம், இல்லை. மலத்தில் கேல்ப்ரோடெக்டின் ஒரு கிராமுக்கு 680 மைக்ரோகிராம். 50-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 150-க்கு மேல் போய், அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் அழற்சி கிளம்பியிருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

சிஆர்பி இயல்பாக இருந்ததைப் பார்த்து ஏமாறக் கூடாது. நோய் மலக்குடலோடு நிற்கும்போது ரத்தச் சோதனைகள் பெரும்பாலும் ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. கேல்ப்ரோடெக்டின் அப்படியல்ல. அழற்சி உள்ள இடத்துக்குப் படையெடுத்து வரும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களுக்குள் இருக்கும் புரதம் அது, அங்கிருந்தே மலத்தில் கலக்கிறது. அறை வெப்பத்தில் ஓரிரு நாள் கெடாது என்பதால் கிராமத்திலிருந்து டப்பாவில் கொண்டுவரவும் வசதி.

சிறிய எண்டோஸ்கோபியை உள்ளே விட்டதும் ஆசனவாயிலிருந்து 15 செ.மீ. வரை சுவர் சிவந்து, ரத்தநாள வரிகள் மறைந்து, தொட்டாலே கசிந்தது. மேலே சீழ்கலந்த சளிப் படலம். அதற்கு மேல் கோடு போட்டாற்போல் எல்லாம் சரியாக இருந்தது, கெட்டி மலம் காத்துக்கொண்டிருந்தது. பயாப்சியில் சுரப்பிக் குழிகளுக்குள் சீழ், சளி சுரக்கும் கோப்ளட் செல்கள் குறைந்திருந்தன. காசநோயைக் குறிக்கும் முடிச்சுகள் இல்லை, அமீபா இல்லை.

ஆக, மலச்சிக்கலும் சீதபேதியும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் எப்படி? மடையை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் மேலே தேங்குகிற மாதிரிதான். வீங்கி எரிச்சல் கொண்ட மலக்குடல் சுருங்கிச் சுருங்கித் தன்னிடம் உள்ள சளியையும் ரத்தத்தையும் வெளியே தள்ளுகிறது. மேலிருக்கும் நல்ல குடலின் ஓட்டம் மந்தப்பட்டு மலம் அங்கே இறுகுகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றாலே பேதி என்று நினைப்பவர்கள் இந்த நோயாளிகளைத் தவறவிடுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. வாய்வழி மெசலமைன் குடல் சுவரில் நேரடியாகப் பட்டுத்தான் வேலை செய்யும். மேலே மலம் தேங்கிக் கிடந்தால் அந்த மருந்து புண் உள்ள கடைசி இடத்துக்குச் சரியாக வந்து சேராது.

எவ்வளவு கடுமை என்பதற்கு 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு ஆங்கில மருத்துவர்கள் வகுத்த அளவுகோலையே இன்றும் கையில் வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஆறு அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போவதுடன் காய்ச்சல், 90-க்கு மேல் நாடித்துடிப்பு, 10.5-க்குக் கீழ் ஹீமோகுளோபின், 30-க்கு மேல் ஈஎஸ்ஆர் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. இவர் எண்ணிக்கையில் ஆறைத் தொட்டார், மற்றவற்றில் தொடவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஸ்டீராய்டு தேவைப்படவில்லை.

சிகிச்சை

தினமும் இரவு 1 கிராம் மெசலமைன் சப்போசிட்டரி. மாத்திரை மறுபடி முழு அளவு. தேங்கிய மலத்தை இளக்க மேக்ரோகால் பொடி. டைக்ளோபினாக் அடியோடு நிறுத்தம், வலிக்குப் பாராசிட்டமால். இரும்புச் சத்து மாத்திரை. மலக்குடலோடு நிற்கும் அழற்சிக்கு சப்போசிட்டரிதான் முதல் மருந்து, மாத்திரை மட்டும் கொடுப்பதைவிட அது நன்றாக வேலை செய்யும். புண் அதற்கும் மேலே ஏறியிருந்தால் எனிமா வேண்டியிருக்கும், சப்போசிட்டரி மலக்குடலைத் தாண்டி எட்டாது.

இதில் மருந்தைவிட மருந்தை வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. செவிலியர் அவரைத் தனியறைக்கு அழைத்துப் போய், கழிவறைக்குப் போய்விட்டு வந்த பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, மருந்தின் நுனியைத் தண்ணீரில் நனைப்பது, விரல் கணு அளவுக்கு உள்ளே தள்ளுவது, அப்படியே தூங்கிவிடுவது என்று காட்டினார். காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் வந்தால் அது மருந்தின் மிச்சம், சளி அல்ல. வெயில் காலத்தில் இளகினால் உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டால் இறுகிவிடும். கொடை நாட்களில் என்ன செய்வது என்று அவர் கேட்டார். ராத்திரி பூஜை முடிந்து வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள், காலையில் குளித்துவிட்டுத்தானே கோயிலுக்குப் போகப் போகிறீர்கள் என்றேன். மைனி ஒத்துக்கொண்டார். இந்த மாதிரி விஷயத்தில் டாக்டர் சொல்வதைவிட மைனி ஒத்துக்கொள்வதுதான் செல்லும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, விட்டதையெல்லாம் மெதுவாகத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். புளியும் காரமும் இந்த நோயை உண்டாக்குவதில்லை. கிளம்பியிருக்கும்போது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததைத் தள்ளிவைக்கலாம், அவ்வளவுதான். சொதியை விடச் சொன்னதாக என் பெயரில் ஒரு வதந்தி உண்டு. நான் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலின் கொழுப்பு சிலருக்குப் பேதியாக்கும், அவர்கள் மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளலாம்.

நான்கு வாரத்தில் ரத்தமும் சளியும் நின்றன, மலம் ஒழுங்காக வந்தது. எட்டாவது வாரம் கேல்ப்ரோடெக்டின் 90. சப்போசிட்டரியை நிறுத்தாமல் வாரத்துக்கு மூன்று இரவு என்று குறைத்தோம்.

இரண்டாம் வருகை

சுமார் பதினொரு மாதம் கழித்து. "திரும்பவும் வந்துட்டு டாக்டர்" என்று உள்ளே நுழையும்போதே சொன்னார். பயந்து போயிருந்தார். பயத்தில், நான்கு வருடத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டிப் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு வாங்கி ஒரு நாளைக்கு 20 மி.கி. வீதம் பத்து நாள் சாப்பிட்டிருக்கிறார். சளி குறையவே இல்லை.

மறுபடி அதே கேள்விகள். இந்த முறை பதில்கள் வேறு. சளி வெள்ளையாக, நூல்நூலாக, மலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. ரத்தம் துளிகூட இல்லை. காலையில் மட்டும்தான், இரவில் ஒருநாளும் எழுந்ததில்லை. அடிவயிற்றில் பிடித்து இழுக்கிறது, போய்விட்டு வந்தால் விட்டுவிடுகிறது. வயிறு உப்புகிறது. சில நாள் இறுக்கம், சில நாள் இளக்கம். சுற்றிய பீடியைக் கடையில் போட வேண்டிய நாளுக்கு முந்தைய இரவும் அன்று காலையும் மோசம். கட்டுக் குறைந்தாலும் பீடி கழிபட்டாலும் கூலி போய்விடும், ஆகவே ராத்திரி கண்விழிப்பு. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. டைக்ளோபினாக் இல்லை. சப்போசிட்டரியைத் தவறாமல் வைத்துவந்தார்.

ஹீமோகுளோபின் 12.1. தைராய்டு இயல்பு. மலத்தில் கிருமி எதுவும் இல்லை. கேல்ப்ரோடெக்டின் 48. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கும்போது அந்த எண்ணை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உள்ளே பார்த்தோம். ரத்தநாள வரிகள் தெளிவாகத் தெரிந்தன, பழைய புண்ணின் சிறு தழும்பைத் தவிர வேறெதுவும் இல்லை. பயாப்சியில் குழிகளின் அமைப்பு பழைய நோயால் கோணியிருந்தது, ஆனால் நியூட்ரோஃபில் ஒன்றுகூட இல்லை. நோய் அடங்கிய குடல்.

அப்படியானால் சளி எங்கிருந்து? குடல் அழற்சி அடங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஐபிஎஸ் (புண் இல்லாமலேயே குடல் எரிச்சல்படும் கோளாறு) போன்ற அறிகுறிகள் தொடர்கின்றன. ஆறிய குடலின் நரம்புகள் பழையபடி மரத்துப் போவதில்லை, சிறு விரிவுக்கும் வலிக்கின்றன. அதே நரம்புகள் தூண்டப்படும்போது கோப்ளட் செல்கள் கூடுதலாகச் சளியை விடுகின்றன. மலம் தங்கி உராய்ந்தாலும் அப்படித்தான்.

பழைய சீட்டில் ஸ்டீராய்டு எழுதிய வரியை அவர் கண்ணெதிரே அடித்து, நாள் போட்டுக் கையெழுத்திட்டேன். பத்து நாள்தான் என்பதால் படிப்படியாகக் குறைக்காமல் உடனே நிறுத்த முடிந்தது. மாதக்கணக்கில் போயிருந்தால் அப்படி நிறுத்தியிருக்க முடியாது. சர்க்கரை, எலும்புத் தேய்வு, கிருமித் தொற்று என்று வேறு வினைகளும் வந்திருக்கும். வலிக்கு மெபெவெரின், மலம் சீராக இசப்கோல் கொஞ்சம், பாலைச் சில வாரம் நிறுத்திப் பார்ப்பது. மெசலமைன் வழக்கப்படி. இவற்றைவிட, எண்டோஸ்கோபியில் எடுத்த இரண்டு வருடப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான் அவருக்கு நிம்மதி தந்தது. சிவந்த குடலையும் வெளுத்த குடலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இது என் வயிறுதானா?" என்றார்.

கலந்துரை

சளி நோய் அல்ல. பெருங்குடல் எல்லாருக்கும் எப்போதும் அதைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது, அளவு குறைவு என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் முக்கியப் பொருள் எம்யூசி2 என்னும் சர்க்கரை போர்த்திய புரதம். பெருங்குடலில் சளி இரண்டு அடுக்கு என்றும், சுவரை ஒட்டிய உள்ளடுக்குக்குள் பாக்டீரியா நுழைவதில்லை என்றும் 2008-இல் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். அந்தப் புரதம் இல்லாமல் பிறக்கும் எலிகளுக்குத் தானாகவே பெருங்குடல் அழற்சி வருகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கிளம்பும்போது நடப்பது வேடிக்கையானது: சுவரின் மேல் இருக்க வேண்டிய காப்புச் சளி மெலிந்துபோகிறது, கழிவறையில் சளி கொட்டுகிறது. அங்கே கொட்டுவது புண்ணிலிருந்து கசியும் நீர், சீழணு, உதிர்ந்த செல், கொஞ்சம் சளி எல்லாம் சேர்ந்த கலவை.

ஆகவே சளி எவ்வளவு என்பதைவிட அது எதோடு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரத்தம், இரவு விழிப்பு, அடக்க முடியாத அவசரம், எடைக் குறைவு, காய்ச்சல் இவற்றோடு வந்தால் அழற்சி என்று எடுத்துக்கொண்டு அளந்து பார்க்க வேண்டும். தனியாக, வெள்ளையாக, பகலில் மட்டும் வந்தால் அவசரப்படாமல் அளந்து பார்க்கலாம். எப்படியானாலும் அளப்பது முதலில், ஸ்டீராய்டு அப்புறம். கேல்ப்ரோடெக்டினுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, பீடிக் கூலியில் அது சின்னத் தொகை அல்ல. ஆனால் தேவையில்லாத ஸ்டீராய்டுக்குப் பின்னால் கொடுக்கும் விலை அதைவிடப் பெரிது.

நம் பக்கத்தில் அமீபாவை மறந்துவிடவும் கூடாது, எல்லாவற்றுக்கும் அதன் மேல் பழி போடவும் கூடாது. உண்மையான அமீபா புண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகிவிடக்கூடும். மறுபுறம், நுண்ணோக்கியில் சீழணுவை அமீபா என்று எழுதிவிடுவதும், நோய் தராத அதே சாயலுள்ள வேறோர் அமீபாவைக் குற்றவாளி ஆக்குவதும் நடக்கிறது. மாத்திரை ஒரு முறை போட்டும் சீதமும் ரத்தமும் நிற்கவில்லை என்றால் இரண்டாம் முறை அதே மாத்திரை போடாமல் உள்ளே பார்ப்பதே சரி. கிரோன்ஸ் என்னும் இன்னொரு வகைக் குடல் அழற்சி நோயாளிகளுக்கு ஆசனவாய்க்குப் பக்கத்தில் பவுத்திரம் விழுந்து அதிலிருந்து வரும் சீழ் சளியாகத் தோன்றலாம். குடலை வயிற்றின் வழியாகத் திருப்பி விட்டவர்களுக்கு, மலமே வராத கீழ்க்குடலிலிருந்து அவ்வப்போது சளி வருவது இயல்புதான், அதைச் சொல்லி வைக்காவிட்டால் பதறிப்போவார்கள். முக்கி முக்கி உண்டாகும் மலக்குடல் புண்ணும் சளியும் ரத்தமுமாக வரும், அதற்கு மெசலமைன் வீண். வயதானவர்களுக்குப் புதிதாகச் சளி தொடங்கினால் கட்டி இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது.

கடைசியாக வந்தபோது மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வெள்ளைச் சளி வருவதாகவும், பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விடுவதாகவும் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேல்ப்ரோடெக்டின் பார்க்கிறோம். இவருடைய நோய் முதலில் மலக்குடலைத் தாண்டி இருந்ததால், அறிகுறி தொடங்கி எட்டு ஆண்டு ஆகும்போது புற்று வருகிறதா என்று பார்க்க முழுக் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதை அவருடைய சீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.